நீ வளைத்த குழாய், என் இடது மணிக்கட்டு

பாப்பா, நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பும் செய்திகளுக்கு நீலக் குறி விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அதனால்தான் ஊரே படிக்கிற ஞாயிறு பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன். நீ தமிழ்ப் பத்திரிகை வாங்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் உன் அத்தை தவறாமல் வாங்குவாள். படித்த கையோடு படம் பிடித்து உனக்கும் அனுப்புவாள், குடும்பக் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்புவாள். அதன் பிறகு நீ படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. உன் பெயரையோ கம்பெனி பெயரையோ ஆஸ்பத்திரி பெயரையோ எங்கும் போடவில்லை, அந்த மட்டில் உன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். வரும் வியாழக்கிழமை காலை எனக்குப் பரிசோதனை. அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும், அவ்வளவுதான் என் அவசரம்.

தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. அத்தை படிக்கிறாள், அவளுடைய கோயில் தோழிகள் படிக்கிறார்கள், நடுவிலிருந்து ஆரம்பித்தால் அவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. நான் கிள்ளானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். வாழ்நாளில் பாதியை ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு கழித்தவன். சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு விடாத தலைவலி வந்தது. பிள்ளைகள் கிளட்சை விடுகிற அழகுக்கு யாருக்குத்தான் தலை வலிக்காது என்று நான் பேசாமல் இருந்தேன். நீதான் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தாய். தலைவலிக்குக் காரணம் மூக்குக்கண்ணாடி என்று தெரிந்தது. ஆனால் அந்த ஸ்கேனில் யாரும் தேடாத ஒன்று அகப்பட்டது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று கிளை பிரியும் இடத்தில், சுவர் மெலிந்து, சின்னதாக உப்பியிருந்தது. இப்படி எத்தனையோ பேருக்கு இருக்கும், பலருக்குக் கடைசிவரை ஒன்றும் செய்யாது, சிலருக்கு ஒருநாள் வெடித்துவிடும் என்று டாக்டர் சொன்னார். நான் எந்த ரகம் என்று பார்ப்பதற்காக மூளைக்கு ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னார்.

ஆஞ்சியோகிராம் என்றால் இதயத்துக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். தலைக்கும் அதேபோல்தான். மஞ்சள் மீ நூடுல்ஸைவிட மெல்லிய, மீகூன் சேமியாவைவிடத் தடித்த ஒரு குழாயை மணிக்கட்டு வழியாக உள்ளே விட்டு, கை முழுக்க ஏற்றி, நெஞ்சுக்குள் இறக்கித் திருப்பி, கழுத்து வரைக்கும் கொண்டுபோவார்கள். அங்கிருந்து சாயத்தை விட்டுப் படம் எடுப்பார்கள். அந்தக் குழாய்தான் கதீட்டர். முழித்துக்கொண்டேதான் படுத்திருந்தேன். சாயம் போகும்போது முகத்தில் ஒரு பாதி மட்டும் சுடும், கண்ணை மூடினாலும் உள்ளே மின்னல் அடிக்கும். வலி என்று பெரிதாக இல்லை. முன்பெல்லாம் தொடையிடுக்கு வழியாகத்தான் விடுவார்களாம், முடிந்த பிறகும் பல மணி நேரம் காலை நீட்டி மல்லாந்தே கிடக்க வேண்டுமாம். என்னைப்போல் முதுகெலும்பில் தட்டு விலகியவனுக்கு அது நரகம். மணிக்கட்டில் போட்டால் எழுந்து உட்காரலாம் என்றதும் நான் வலது கையைச் சந்தோஷமாக நீட்டினேன். டாக்டர் மேசைக்கு வலது பக்கம் நின்று வேலை செய்வார், அதனால் வழக்கமாக வலது கைதான் என்றார்கள். சரி என்றேன்.

அதன் பிறகு நடந்ததை நீ உன் ஆபீசில் சொல்லியிருக்கிறாய், அவர்களுக்குத் தெரியும், இவர்களுக்கும் தெரியட்டும். மணிக்கட்டில் காற்று அடைத்த ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றிவிட்டு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாள், "அங்கிள், இந்தக் கைய மடக்கக்கூடாது, ஒண்ணும் தூக்கக்கூடாது, ஓகே லா?" நானும் ஓகே லா என்றேன். ஆஸ்பத்திரியில் கோழிக் கஞ்சியும் ஒரு ஸ்பூனும் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. ஆனால் உன் அம்மா கிள்ளானிலிருந்து டிபன் கேரியரில் சோறும் கெம்போங் மீன் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். "ஸ்பூன்ல முள்ள எப்படிங்க எடுப்பீங்க? நான் ஊட்டி வுடவா?" என்று கேட்டாள். எதிர்க் கட்டிலில் ஒரு சீனக் கிழவர், அவரைப் பார்க்க வந்த பேரப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அவர்கள் முன்னால் நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதா? இடது கையால் சோற்றைத் தொடுவது என்ற எண்ணமே எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. மெதுவாகத்தானே பிசையப் போகிறோம் என்று வலது கையை வைத்தேன். நாலாவது வாய்க்குள் பட்டைக்கு அடியிலிருந்து ரத்தம் ஒழுகிக் குழம்பில் கலந்தது.

மணியை அழுத்தியிருக்க வேண்டும். மிஸ்ஸி திட்டுவாளே என்று இரண்டு பேருக்கும் பயம். உன் அம்மா தன் துப்பட்டாவை எடுத்து, பட்டைக்கு மேலேயே சுற்றி, சாக்கு மூட்டையைக் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நின்றது. ஆஹா நாமே வைத்தியம் பார்த்துவிட்டோம் என்று மீதிச் சோற்றை அவள் ஊட்ட, சீனக் கிழவர் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டு முடித்தேன். மாலையில் வேறு மிஸ்ஸி வந்து துப்பட்டாவை அவிழ்த்தபோது கை நீலமாக, சில்லென்று இருந்தது. "அங்கிள், பெல் இருக்கு தானே? ஏன் கூப்பிடல?" என்று அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கைக்கு நிறம் திரும்பியது. ஆனால் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஓடும் ரத்தக்குழாய் அடைத்தது அடைத்ததுதான், திறக்கவே இல்லை. சுண்டுவிரல் பக்கத்தில் இன்னொரு குழாய் இருப்பதால் கைக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், தேங்காய் உடைக்கிறேன். கிளினிக்குக்குப் போனால் மட்டும் புதிதாக வந்த பெண் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், நாடி கிடைக்கலையே," என்று மிரண்டு போவாள். "அந்தக் கையில கேட்டுப் பாரும்மா, அது பேசும்," என்று இடது கையைக் கொடுப்பேன்.

உன் அம்மா மூன்று நாள் அழுதாள். நீ அழவில்லை, திட்டவும் இல்லை. போலீஸ்காரி மாதிரி சாப்பாட்டு மேசையில் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டாய். என்ன குழம்பு, எந்த விரல் முதலில் மடங்கியது, துப்பட்டா எவ்வளவு நேரம் இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. நீ அப்போது ஷா ஆலாமில் கதீட்டர் செய்கிற கம்பெனியில் சேர்ந்திருந்தாய். உன் அத்தை ஒருமுறை கல்யாண வீட்டில், "அண்ணே, உங்க மக மூத்திரக் குழாய் செய்யுறாளாமே," என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். கதீட்டர் என்றால் நம் சனங்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். எனக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது, அதனால் பந்தியில் இன்னொரு வடை கேட்டுப் பேச்சை மாற்றினேன். தங்கச்சி, இதைப் படிக்கிறாயல்லவா? அது மூளைக்குப் போகிற குழாய், நன்றாகத் தெரிந்துகொள்.

பிறகுதான் உங்கள் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாய். மணிக்கட்டு வழியாக மூளைக்குப் போகும் புதுக் குழாய் ஒன்றை எப்படி வளைப்பது என்று எல்லாரும் வலது கையை வைத்தே படம் போட்டுக்கொண்டிருந்தபோது, நீ எழுந்து, "இந்த நாட்டுல பாதி பேரு அந்தக் கையாலதான் சாப்பிடுறோம்," என்றாயாம். முதலில் சிரித்தார்களாம். உன் பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பையன்தான் முதலில் சிரிப்பை நிறுத்தி, போன மாதம் தன் மாமாவும் கட்டுப் போட்ட கையாலேயே சாப்பிட்டதைச் சொன்னானாம். இடது கை வழியாகப் போனால் என்ன என்று அப்போதுதான் பேச்சு திரும்பியது. இடது கையில் விடுவது புதிது ஒன்றும் இல்லை, சில டாக்டர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் அதற்கென்று வளைத்த குழாய் அவர்களிடம் இல்லை, இருப்பதை வைத்து மல்லுக்கட்டுகிறார்கள் என்றாய். நீ அன்று பேசிய பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் எங்கள் மீன் குழம்பு வீணாகப் போகவில்லை என்று மட்டும் புரிந்தது.

அந்த வருடம் முழுக்க நம் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடம் இல்லை. ரப்பர் மாதிரி வழவழப்பாக, கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற ஒரு பொம்மை நெஞ்சு. அதில் இதயத்திலிருந்து கிளம்பி வளைந்து இறங்கும் பெரிய குழாய், அதன் முதுகிலிருந்து மேலே கிளம்பும் கிளைகள், சின்ன மோட்டாரில் ஓடும் தண்ணீர். சனி, ஞாயிறுகளில் நீ அதன் முன்னால் உட்கார்ந்து இடது கை வழியாகக் குழாயை விட்டுக்கொண்டே இருப்பாய். என்னையும் ஒருநாள் விட்டுப் பார்க்கச் சொன்னாய். வலது கையிலிருந்து வந்தால் கழுத்தின் வலது பக்கக் கிளை வழியிலேயே இருக்கிறது. இடது கையிலிருந்து வந்தால் நேராக நெஞ்சுக்குள் விழுந்துவிடுகிறது, அங்கிருந்து திரும்பி மேலே ஏற வேண்டும். பங்சாரிலிருந்து இறங்கி கூட்டரசு நெடுஞ்சாலையில் தப்பான பக்கம் ஏறிவிட்டவன் யூ-டர்ன் தேடுகிற கதைதான். ஓட்டுவதில் எனக்குத் தெரியாததா என்று நான் முரட்டுத்தனமாகத் தள்ளினேன், குழாய் உள்ளேயே சுருண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டது. "அப்பா, ஆள கொன்னுட்டீங்க," என்று சொல்லிச் சிரித்தாய்.

அதன் பிறகு நீ எனக்குக் காட்டினாய். குழாயின் சுவருக்குள் முடியளவு கம்பியைப் பின்னலாகப் பின்னியிருப்பதால், வெளியே நீ திருப்புகிற திருப்பு உள்ளே நுனிவரை அப்படியே போகிறது. நுனி மட்டும் ஈரத் துணிபோல் மிருது, எதையும் குத்தாது. நடுப்பகுதியில் நீ கொடுத்திருந்த வளைவுதான் முக்கியம். உள்ளே வழிகாட்டியாகப் போகும் கம்பி இருக்கும்வரை குழாய் நிமிர்ந்திருக்கிறது, கம்பியை இழுத்தால் தானாகவே மடங்கி, வேண்டிய கிளைக்கு முகத்தைக் காட்டுகிறது. பழைய குழாயில் அந்த மடிப்பை வரவழைக்க இதயத்துக்குப் பக்கத்தில் போய் முட்டித் திருப்ப வேண்டியிருந்ததாம், அப்படித் தடவித் தடவித் திருப்பும்போது சுவரில் ஒட்டியிருக்கும் அழுக்கு பெயர்ந்து மூளைக்குப் போனால் வாதம் வந்துவிடுமாம். எத்தனை வளைவுகளை வளைத்துக் கழித்தாய் என்று எனக்குத் தெரியும், குப்பைக் கூடையைக் கொட்டியவன் நான்தான். ஒருநாள் கம்பியை நீ இழுத்ததும் அது மடங்கி, ஒரே மூச்சில் வலது பக்கக் கிளைக்குள் நுழைந்தது. நீ கத்திய கத்தலில் உன் அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், என் நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது.

அந்தக் குழாய் சோதனைகளையெல்லாம் தாண்டி, அனுமதி வாங்கி, ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டது. ஒருநாள் நீ வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். ஒரு பெண்மணிக்குக் குழாய் போகும்போது கையின் ரத்தக்குழாய் இறுகிப் பிடித்துக்கொண்டதாம், மருந்து கொடுத்துத் தளர்த்தி எடுத்துவிட்டு, தொடை வழியாகப் படம் பிடித்து முடித்தார்களாம். அவர் மறுநாள் வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். ஒல்லியான கையில் எந்தக் குழாய்க்கும் அது நடக்கும், இந்தக் குழாயின் தப்பு இல்லை என்று டாக்டரே உன்னிடம் சொன்னார். அப்படியும் நீ மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, தானாகச் சரியாகிவிடுவாய் என்று விட்டுவிட்டேன். உனக்குள் பயம் அன்றைக்கே புகுந்துவிட்டது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

போன மாத ஸ்கேனில் என்னுடைய வீக்கம் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. அதைக் கம்பிச் சுருளால் அடைப்பதா, இன்னும் பொறுப்பதா என்று முடிவு செய்ய மறுபடியும் ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். வலது கை வழி அடைத்துவிட்டது. தொடை, அல்லது இடது கை. டாக்டர் அம்மா இடது கைக்கென்று வந்திருக்கும் புதுக் குழாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டர், அது எங்க வூட்டு டைனிங் டேபிள்ல பொறந்தது," என்றேன். அவர் உன்னை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறாராம், என் மகள் என்று தெரியாதாம். ஆச்சரியப்பட்டு என் கையைக் குலுக்கினார், நாடி இல்லாத கையை. நான் அங்கேயே சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிள்ளான்வரை பாட்டுப் பாடிக்கொண்டே காரை ஓட்டி வந்தேன்.

உன்னிடம் சொன்னபோது உன் முகம் மாறியது. அடுத்த நாள் என்னைக் கேட்காமல் டாக்டருக்குப் போன் செய்து, அப்பாவுக்குத் தொடை வழியாகவே எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாய். அவர் நல்ல மனுஷி, உடனே என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், உங்க உடம்பு, நீங்கதான் சொல்லணும்," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டில் உன்னைப் பிடித்துக் கத்தினேன். நீயும் விடவில்லை. "எத்தனை தடவ டெஸ்ட் பண்ணாலும் ரிஸ்க் ரிஸ்க்தான்ப்பா. உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்தா நான் என்ன செய்வேன்? வேற டியூப்ல வந்தா அது விதி. என் டியூப்ல வந்தா?" என்றாய். உனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அப்போதுதான் நீ அந்த அஸ்திரத்தை எடுத்தாய். "நீங்க மட்டும் எனக்கு டிரைவிங் சொல்லித் தந்தீங்களா? கிள்ளான்ல பாதி பேருக்குச் சொல்லிக் குடுத்தீங்க. சொந்தப் பிள்ளைய வேற ஆளுகிட்டதானே அனுப்பினீங்க?" என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தோழியின் பிளாட்டுக்குப் போனாய். பத்து நாள் ஆகிறது.

நீ சொன்னது உண்மை. எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. சொந்தப் பிள்ளைக்கு யாரும் லெசன் கொடுக்க மாட்டோம். என் மகளை நீ எடு, உன் மகனை நான் எடுக்கிறேன் என்று மாற்றிக்கொள்வோம். ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் என் கூட்டாளியிடம் உன்னை அனுப்பினேன், அவன் மகனை நான் எடுத்தேன். ஏனென்றால் ஊரார் பிள்ளை வளைவில் வேகமாகப் போனால் பொறுத்துப் பார்க்கிற கால், தன் பிள்ளை போனால் பொறுக்காது. தேவையில்லாத இடத்தில் பிரேக்கை மிதிக்கும். அப்படி மிதித்து மிதித்துப் பிள்ளைக்கு ஓட்டவே வராமல் போய்விடும். அன்றைக்கு உன்னை அனுப்பியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, இன்றைக்கும் அதையே செய்வேன்.  ஆனால் உன் கேள்வி நியாயமானது. பத்து நாளாக லெசன் நடத்திக்கொண்டே அதைத்தான் யோசித்தேன், ஒரு பையன் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

இப்போது பதில் சொல்கிறேன். வியாழக்கிழமை நீ ஓட்டப் போவதில்லை, பாப்பா. அந்த அறைக்குள் உன்னை விடவே மாட்டார்கள். குழாயைப் பிடிக்கப் போவது டாக்டர், அவருக்கு நான் அப்பா இல்லை. உன்னை அந்தக் கூட்டாளியிடம் அனுப்பினபோது நான் ஒதுங்கினது பக்கத்து இருக்கையிலிருந்து மட்டும்தான். அவன் ஓட்டின காருக்குப் பிரேக் பிடிக்குமா என்று நானே படுத்து அடியில் பார்த்துவிட்டுத்தான் உன்னை ஏற்றினேன். காரை நம்பினேன், அதனால் அனுப்பினேன். நீ இப்போது சொல்வது வேறு. கார் நல்ல கார், ஊரார் ஏறட்டும், என் அப்பா மட்டும் ஏற வேண்டாம் என்கிறாய். இதை நீ சாதாரணமாக யோசித்துப் பார்த்தால் உனக்கே வெட்கமாக இருக்கும். உனக்குத் தெரிந்து அந்தக் குழாயில் ஒரு கோளாறு இருந்தால், அதை யாருக்கும் போடக்கூடாது, நாளைக்கே நிறுத்து. இருக்கிறதா என்று நேராகக் கேட்கிறேன். இல்லை என்றுதான் சொல்வாய், அது எனக்குத் தெரியும்.

நீ வீட்டை விட்டுப் போன பிறகு டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் கம்போங் மேடானிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். லோரி ஓட்டுகிறவர், என் வயதுதான் இருக்கும். இடது மணிக்கட்டில் அந்தப் பிளாஸ்டிக் பட்டை. மடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை விரித்து வைத்து, வலது கையால் நெத்திலியும் சம்பலுமாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்ன அண்ணே, தலையா?" என்று கேட்டேன். "ஆமா அண்ணே, தலதான். லெப்ட் கையில வுட்டு எடுத்தாங்க. ஒண்ணும் தெரியல லா. காலையில இருந்து பட்டினி, டாக்டர் சாப்புடுன்னதும் மக கடைக்கு ஓடிப் போயி பொட்டலம் தாப்பாவ் பண்ணி வந்துருச்சு," என்றார். அந்த மகள் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். உன் வயதுதான். அந்தக் குழாய் என் பிள்ளை செய்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அங்கே இருந்தால் கண் கலங்கிவிடும் என்று எழுந்து கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டேன்.

அந்தப் பெண்ணும் அன்று காலையில் வெளியே உட்கார்ந்து, உன்னைப்போலவே நகத்தைக் கடித்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். அவளுக்கு இந்தக் குழாயை யார் செய்தார் என்று தெரியாது. யாரோ ஒருவர் ஒழுங்காகச் செய்திருப்பார் என்று நம்பித்தான் அப்பாவை உள்ளே அனுப்பினாள். அவள் அப்பாவுக்கு ஆகிறது என் மகள் அப்பாவுக்கு ஆகாது என்றால், நான் அந்த பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் எந்த முகத்தோடு உட்காருவேன்? நான் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. தொடை வழியாக எடுத்தால் என் முதுகு என்னைக் கொன்றுவிடும், அதுவும் ஒரு காரணம். இன்னொரு கையையும் கெடுத்துக்கொள்ள மாட்டேன், வலது கை சும்மாதான் இருக்கும் என்றாலும் சாப்பாட்டுக்குக் கோழிக் கஞ்சியே போதும் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

பயம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. டாக்டர் மறைக்காமல் சொன்னார், வாதம் வர வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்று. காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் வாய் கோணுகிறதா என்று பார்க்கிறேன், பரிசோதனையே இன்னும் நடக்கவில்லை, பார் என் லட்சணத்தை. பேச்சு போய்விடுமோ என்றுதான் எனக்கு அதிகப் பயம். பேசியே பிழைத்தவன், பேச்சு இல்லாமல் நான் யார்? அதனால்தான் வாய் நன்றாக இருக்கும்போதே சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன். நீ என்மேல் வைத்திருக்கிற பாசத்தில்தான் இப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். டாக்டருக்குப் போன் செய்தது தப்பு, பாசம் தப்பில்லை. நான் கத்தியதும் பாசத்தில்தான், ஆனால் தெருவரை கேட்கும்படி கத்தியிருக்க வேண்டாம்.

வியாழக்கிழமை நீ வந்தால் எனக்குச் சந்தோஷம். வராவிட்டாலும் நான் போவேன், இடது கையைத்தான் நீட்டுவேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அன்று மாலையே உன் அத்தை குடும்பக் குழுவில் போட்டுவிடுவாள், உனக்குத் தகவல் வந்துவிடும். ஒருவேளை வேறு மாதிரி ஆனால், அந்தக் குழாயைத் தூக்கிப் போட மாட்டார்கள், பையில் போட்டு மூடி உங்கள் கம்பெனிக்குத்தான் அனுப்புவார்கள் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அம்மாவோடு இருந்து நன்றாக அழு. திங்கட்கிழமை வேலைக்குப் போ. அந்தப் பையைப் பிரிக்கிற வேலையை வேறு யாரிடமும் கொடுக்காதே. நீயே கையுறை போட்டுக்கொண்டு பிரித்து, நுனியிலிருந்து கடைசிவரை பார். தப்பு குழாயில் இருந்தால் இருக்கிறது என்று எழுது. இல்லாவிட்டால் இல்லை என்று எழுது. அப்பா என்பதற்காக ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே. எழுதி முடித்துவிட்டு, அடுத்த குழாயை வளை.

அப்பா